சிட்ரோயன் பிஎக்ஸ்: ஸ்பியர் மாற்றுவது எப்படி?

பழைய பிஎக்ஸ் வாங்கியவர்களின் முதல் புலம்பல், "பஞ்சு மெத்தைன்னு சொன்னாங்க, இது தூக்கித் தூக்கிப் போடுதே!" உடனே யாராவது வண்டியின் உயரத்தைச் சீராக வைக்கும் ஹைட் கரெக்டரைத் திருகப் போவார். அதைத் தொடாதீர்கள். பெரும்பாலும் ஸ்பியரில் வாயு தீர்ந்திருக்கும், அல்லது பச்சை ஆயில் அழுக்காகியிருக்கும். இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

1982-இல் வந்த இந்தக் காரில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒரு இரும்புக் குண்டு, அதுதான் ஸ்பியர். உள்ளே ரப்பர் சவ்வு, அதன் ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் ஆயில். நைட்ரஜன் அமுங்கி விரிவதுதான் ஸ்பிரிங் வேலை. ஐந்தாவதான அக்யூமுலேட்டர் ஸ்பியர், பம்ப் தரும் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும். பிரேக்கும் இதே அழுத்தத்தில்தான் ஓடுகிறது என்பதால் இதில் அலட்சியம் கூடாது. (திருவள்ளூரில் தயாராகும் இன்றைய சிட்ரோயன்களில் இதைத் தேடாதீர்கள். 2017-இல் சி5 நின்றதோடு இந்த அமைப்பும் நின்றுவிட்டது.)

படி 1: எது போயிருக்கிறது?

எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, வண்டி சாதாரண உயரத்துக்கு வந்ததும் பின் மூலையில் கையை ஊன்றி அமுக்குங்கள். மெத்தென்று இறங்கி ஏறினால் நலம். அசையவே மாட்டேன் என்றால் அந்த ஸ்பியரில் வாயு இல்லை. முன்பக்கமும் இப்படியே பாருங்கள்.

அடுத்து பானெட்டைத் திறந்து காதைக் கொடுங்கள். பம்ப் தரும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இரண்டு டிக்குகளுக்கு இடையே அரை நிமிடத்துக்கு மேல் இருந்தால் கவலையில்லை. சில வினாடிக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருந்தால் அக்யூமுலேட்டர் ஸ்பியர் முடிந்த கதை. முதலில் அதை மாற்றுங்கள்.

படி 2: வாங்க வேண்டியவை

உங்கள் மாடலுக்குரிய ஸ்பியர்கள், ஒவ்வொன்றுக்கும் புது சீல், 5 லிட்டர் எல்எச்எம் ஆயில், செயின் ரெஞ்ச், 12 மில்லிமீட்டர் ஸ்பேனர், நல்ல ஆக்சில் ஸ்டாண்ட். முன், பின் ஸ்பியர்களின் வாயு அழுத்தம் வேறு வேறு. குண்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எல்எச்எம் பச்சை நிறத்தில் இருக்கும் கனிம எண்ணெய். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சாதாரண பிரேக் ஆயிலை நீட்டினால் வாங்காதீர்கள். அதை ஊற்றினால் மொத்த சிஸ்டத்தின் ரப்பர் சீல்களும் கெட்டுவிடும்.

படி 3: தூக்கி நிறுத்தி, அழுத்தத்தை இறக்குதல்

முன் ஸ்பியர்கள் பானெட்டுக்குள் கைக்கு எட்டும். பின் ஸ்பியர்களுக்கு அடியில் போக வேண்டும். எஞ்சின் ஓட, வண்டியின் உயரத்தை மாற்றும் லீவரை உச்ச உயரத்துக்குத் தள்ளுங்கள். வண்டி எழுந்ததும் ஜாக்கி வைக்கும் இடங்களில் ஸ்டாண்டை வைத்து, லீவரைக் கீழே கொண்டுவாருங்கள். பாடி ஸ்டாண்டில் உட்கார்ந்துவிடும். வண்டி தானாக உயர்ந்து நிற்கிறதே என்று ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு பைப் விட்டால் போதும், சட்டென்று இறங்கிவிடும். இன்னொன்று, பிஎக்ஸின் கைபிரேக் முன் சக்கரத்தில்தான் பிடிக்கும். முன்பக்கத்தைத் தூக்கும்போது பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க மறக்காதீர்கள்.

லீவர் கீழேயே இருக்கட்டும். எஞ்சினை அணைத்து, ரெகுலேட்டரில் உள்ள 12 மில்லிமீட்டர் ஸ்குரூவை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். 'ஸ்ஸ்' என்று ஆயில் டேங்குக்குத் திரும்பும். முழுவதும் கழற்றினால் உள்ளே இருக்கும் சின்ன இரும்புக் குண்டு விழுந்து ஓடிவிடும்.

படி 4: கழற்றி மாட்டுதல்

சுற்றியுள்ள மண்ணை முதலில் துடையுங்கள். ஒரு துகள் மணல்கூட உள்ளே போகக் கூடாது. செயின் ரெஞ்சைப் போட்டு இடப்பக்கமாகத் திருகினால் ஸ்பியர் விடும். கொஞ்சம் ஆயில் கொட்டும். அது உட்கார்ந்திருந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய சீல் பெரும்பாலும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேலேயே புது சீலையும் வைத்தால் ஆயில் பீறிட்டு அடிக்கும். புது சீலில் எல்எச்எம் தடவி, ஸ்பியரைக் கையால் இறுக்கினாலே போதும். ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும்தான்.

கையோடு ஆயில் டேங்கில் இருக்கும் ஃபில்டர்களையும் எடுத்துப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ஆயில் பழுப்பாக இருந்தால் முழுவதும் மாற்றிவிடுங்கள்.

படி 5: மறுபடி உயிர் கொடுத்தல்

ரெகுலேட்டர் ஸ்குரூ திறந்தபடியே எஞ்சினை அரை நிமிடம் ஓடவிட்டு, பிறகு மூடுங்கள். டேஷ்போர்டில் எரியும் 'ஸ்டாப்' எச்சரிக்கை விளக்கு அணையும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது, பிரேக் இருக்காது. லீவரை உச்சத்துக்குத் தள்ளி வண்டி எழுந்ததும் ஸ்டாண்டை எடுத்துவிடுங்கள். பிறகு கீழே, மேலே என்று சில முறை ஏற்றி இறக்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். ஆயில் அளவை உச்ச உயரத்தில், எஞ்சின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும்.

கசிவு இருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவாதீர்கள். 150 பாருக்கும் மேலான அழுத்தத்தில் ஊசித்துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

இரவில் நிறுத்திய வண்டி காலையில் தரையோடு படுத்திருந்தால் பயப்பட வேண்டாம், பிஎக்ஸின் இயல்பு அது. புது ஸ்பியர் போட்ட பிறகும் பின்பக்கம் கிறீச்சிட்டு, பின் சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் பின் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் பேரிங் தேய்ந்திருக்கிறது. அது வீட்டு வேலையல்ல, ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள்.