மாற்றுத்திறனாளி மாணவர்கள்: கல்லூரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் சேர்க்கைப் பட்டியல் வரை இதைக் கவனமாகப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன தேவை என்று அந்த மாணவரிடம் ஜூலையிலேயே கேட்டு எழுதி வைப்பதில்லை. நவம்பரில் ஹால் டிக்கெட் வந்த பிறகுதான் ஓட்டம். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகின்றன.

தேர்வையே பாருங்கள். கூடுதல் நேரம் என்றால் அரை மணி என்று பல கண்காணிப்பாளர்கள் நினைக்கிறார்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம். மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி. சொல்வதை எழுதுபவர் வேண்டாம் என்று தாமே எழுதுகிறவருக்கும் இது உண்டு. ஒன்றரை மணி இன்டர்னலுக்கு அரை மணி தர வேண்டும், அங்கேதான் மறந்துபோகிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 10 மணிக்குத் தொடங்கும் தேர்வு கூடுதல் நேரத்தோடு 2 மணிக்கு முடியும். அதே 2 மணிக்கு அரியர் பேப்பர் இருந்தால் அந்தப் பிள்ளை சாப்பிடுவது எப்போது? இரண்டும் ஒரே நாளில் விழாதபடி அட்டவணை போடும்போதே பார்த்துவிடுங்கள்.

சொல்வதை எழுதுபவரைத் தேர்வு நாள் காலையில்தான் கண்ணில் காட்டுவது பெரிய அநியாயம். இரண்டு நாள் முன்பே சந்திக்க விடுங்கள். கணக்குக் குறியீடுகளைச் சொன்னால் அவருக்கு எழுத வருகிறதா, எந்த வேகத்தில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நவம்பர் நமக்கு மழை, புயல் மாதம். பண்ருட்டியிலிருந்தோ பாகூரிலிருந்தோ வர வேண்டியவர் பஸ் இல்லாமல் நின்றுவிடலாம். பக்கத்திலேயே இருக்கும் மாற்று ஆள் ஒருவரை ஏற்பாடு செய்து வையுங்கள். லிஃப்டை நம்பி மாடியில் ஹால் போடாதீர்கள், கரண்ட் போனால் அதுவும் போயிற்று.

'சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இல்லையே' என்று திருப்பி அனுப்புவதும் தவறு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவரின் வழக்கில், எழுதுபவர் வசதிக்கு அந்த வரம்பு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

அடுத்தது நோட்ஸ். பார்வையற்ற மாணவருக்கு பிடிஎஃப் அனுப்பியதும் ஆசிரியர் நிம்மதியாகிவிடுகிறார். அது பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். திரையில் 'தமிழ்' என்று தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மென்பொருள் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் உளறும். ஸ்கேன் செய்ததென்றால் வெறும் படம். வாசிக்க ஒன்றுமே இருக்காது. வாட்ஸ்அப்பில் போடும் கரும்பலகைப் படத்துக்கும் இதே கதி. கணினி தமிழைத் தமிழாகவே படிக்கும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றி, தலைப்புகளுக்கு ஹெட்டிங் ஸ்டைல் போட்டு, வேர்டு கோப்பாகக் கொடுங்கள். என்விடிஏ இலவசம்தான், அனுப்பும் முன் ஒரு பக்கத்தை நீங்களே ஓடவிட்டுக் கேளுங்கள்.

காது கேளாதவரை முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, போர்டைப் பார்த்தபடி பாடம் நடத்தினால் பயனில்லை. முகம் தெரிந்தாலும்கூட 'படம்', 'மடம்' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். கலைச்சொல்லை முதலில் எழுதுங்கள், பிறகு திரும்பி நின்று சொல்லுங்கள்.

சாய்தளத்துக்கு அளவு 1:12, அதாவது உயரத்தைப் போல 12 மடங்கு நீளம். மூன்று படி சேர்ந்து 45 செ.மீ. உயரம் என்றால் நீளம் 5.4 மீட்டர் வேண்டும். இடமில்லை என்று இரண்டு மீட்டரில் முடித்தால் சக்கர நாற்காலி பின்னால் உருளும். மேலே வழவழப்பான டைல்ஸ் ஒட்டினால் மழையில் ஊன்றுகோலும் வழுக்கும். கழிப்பறைக் கதவு 90 செ.மீ. அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். பல இடங்களில் இதெல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் உள்ளே துடைப்பமும் உடைந்த நாற்காலியும், கதவில் பூட்டும், சாவி அட்டெண்டர் பையிலும். அந்தப் பூட்டை இன்றே கழற்றிவிடலாம்.