பாதி ராத்திரியில் நின்றுபோகும் சார்ஜ்: கோளாறு எர்த்தில் இருந்தது

மடிப்பாக்கம் வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில்தான் எலக்ட்ரிக் காருக்குச் சார்ஜ் போடுகிறேன். மே மாதம் திடீரென்று நடு ராத்திரியில் சார்ஜ் நிற்க ஆரம்பித்தது, சார்ஜரில் சிவப்பு விளக்கு. சர்வீசில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுக் கொடுத்தார்கள். சரியாகவில்லை. ஒரு வாரம் வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டேன், யூனிட்டுக்கு வீட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆனது, மனசே கேட்கவில்லை.

அப்புறம் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தார்: 38 வோல்ட்! இரண்டு மூன்றுக்குள் இருக்க வேண்டியது. கத்திரி வெயிலில் எர்த் குழி (எர்த் கம்பி மண்ணில் இறங்கும் இடம்) காய்ந்து, கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப்பும் துருப்பிடித்திருந்தது. எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும், ஷாக் அடிக்காமல் நம்மைக் காப்பாற்றுவது அதுதான், தயவுசெய்து அந்தப் பாதுகாப்பை பைபாஸ் பண்ணச் சொல்லாதீர்கள். கிளாம்ப்பையும் கம்பியையும் மாற்றி, குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். இப்போது 2 வோல்ட்.

கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்றுகிறேன். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் பில்லின் ஸ்லாப் (கட்டணப் படி) மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.