செலக்ட் எழுதலாம் என்பதற்காக அது தரவுத்தளம் ஆகிவிடாது

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த தம்பி தன் திரையை என் பக்கம் திருப்பினார். ஏர்டேபிள் என்ற இணைய அட்டவணைச் சேவையில் உள்ள தரவை, தரவுத்தளத்தோடு பேசுவது போலவே பேசவைக்கும் ஜேடிபிசி டிரைவர் வழியாக எடுத்து வலைப்பக்கத்தில் காட்டும் வேலை. "அண்ணா, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் மாதிரியேதான் கிடக்கு, ஒரு வித்தியாசமும் இல்லை" என்றார். ஏழெட்டு வருடத்துக்கு முன் இதே வசனத்தைச் சொல்லித்தான் நான் ஒரு வாடிக்கையாளரை இழந்தேன்.

அந்த வசனத்துக்குள் ஒளிந்திருக்கும் பிழைகளைப் பற்றித்தான் இங்கே. ரகசிய டோக்கனை கிட் என்ற கோட் களஞ்சியத்தில் ஏற்றுவது, கனெக்ஷனை மூட மறப்பது எல்லாம் இங்கே இல்லை. அவற்றை யாராவது முதல் நாளே ஏசித் திருத்திவிடுவார்கள்.

டிரைவருக்குப் பின்னால் இருப்பதை மறப்பது

இந்த டிரைவர்கள் செய்வது மொழிபெயர்ப்பு வேலை. நீங்கள் எழுதும் செலக்டை, அதாவது எஸ்கியூஎல் மொழியில் தரவு கேட்கும் கட்டளையை, எச்டிடிபி என்ற வலைக் கோரிக்கைகளாக மாற்றி அனுப்பி, வரும் ஜேசன் வடிவப் பதிலை வரிசையாக அடுக்கித் தரும். அந்தப் பக்கம் தேடலை வேகமாக்க நீங்கள் போடக்கூடிய இண்டெக்ஸ் இல்லை, சுருக்கமான வழியைத் தேர்ந்தெடுக்கும் குவெரி பிளானர் இல்லை. வெளி நிரல்கள் தரவு கேட்கும் வாசலான ஏபிஐ மட்டும்தான். ஏர்டேபிள் ஏபிஐ ஒரு கோரிக்கைக்குக் கூடினால் 100 பதிவுகள் தரும். ஒரு பேஸுக்கு (சேர்ந்த அட்டவணைகளின் ஒரு தொகுப்பு) விநாடிக்கு 5 கோரிக்கைகள். மீறினால் 'கோரிக்கை கூடிவிட்டது' என்ற 429 பிழை, பிறகு 30 விநாடி காத்திருக்க வேண்டும்.

என் வாடிக்கையாளர் சுன்னாகத்தில் மரக்கறி மொத்த வியாபாரி. நான் சோதித்தபோது என் லெப்டொப்பில் 40 ஓடர்கள். பக்கம் உடனே வந்தது. கடையில் இருந்ததோ 8,000. ஆங்கிலத்தில் கண்டபடி அடித்திருந்த பெயர்களைத் தேடுவதற்காக, செலக்டின் வேர் (WHERE) நிபந்தனையில் பெயரைச் சிறிய எழுத்தாக்கும் ஃபங்ஷன் ஒன்றைப் போட்டிருந்தேன். அதை ஏபிஐக்கு எப்படிச் சொல்வதென்று அந்த டிரைவருக்குத் தெரியாது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னதா? இல்லை. பேசாமல் முழு அட்டவணையையும் இறக்கி, தன் மெமரியில் வைத்துச் சலித்து, 3 வரிகளைக் கையில் தந்தது. 8,000 பதிவுக்கு 80 கோரிக்கை, விநாடிக்கு 5 வீதம் குறைந்தது 16 விநாடி. மூன்று வரிக்கு! இந்த மௌனம்தான் எனக்கு இன்றும் எரிச்சல். அது போதாதென்று ஒவ்வொரு ஓடருக்கும் தொலைபேசி எண் எடுக்க லூப்புக்குள் இன்னொரு செலக்ட் வைத்திருந்தேன். அது முழுக்க என் கெட்டித்தனம்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறினால் 25 நாளும் பல வீடுகளில் மச்ச மாமிசம் இல்லை. மரக்கறி வியாபாரம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடையில் நாலு பேர் நாலு கணினியில். பக்கம் வரவில்லை என்று ஆளாளுக்கு ரிஃப்ரெஷ் அமத்த, ஒவ்வொரு அமத்தலுக்கும் இன்னொரு 80 கோரிக்கை. நான் அவசரப்பட்டு கனெக்ஷன் பூலை, அதாவது ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் கனெக்ஷன்களின் எண்ணிக்கையை, 10இலிருந்து 30 ஆக்கினேன். எல்லை பேஸுக்குத்தான், கனெக்ஷனுக்கு அல்ல. நிலைமை இன்னும் மோசமானது. தேருக்கு முதல் நாள் முதலாளி கோல் எடுத்தார்: "தம்பி, உங்கட மெசினை நிப்பாட்டி விடுங்கோ. நான் கொப்பியிலயே எழுதுறன்."

இப்போது நான் முதலில் டிரைவரின் லொக்கை (செயல்பதிவை) முழு விவரத்துக்குத் திருப்பி, ஒரு குவெரிக்கு எத்தனை கோரிக்கை போகிறது என்று எண்ணுவேன். தம்பியின் பக்கத்தையும் அப்படித்தான் பார்த்தோம்: ஒருமுறை திறக்க 61 கோரிக்கை. ஆள் முகம் மாறிவிட்டது.

அப்புறம், வலைப்பக்கம் நேரே ஏர்டேபிள் சேவையிடம் போகவே கூடாது. அருகில் போஸ்கிரஸ் போன்ற உண்மையான தரவுத்தளம் ஒன்றைப் பிரதியாக வைத்து, கடைசியாக மாறிய நேரத்தைக் காட்டும் கொலத்தைப் பார்த்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாறியவற்றை மட்டும் இழுத்து வாருங்கள். பக்கம் அந்தப் பிரதியை வாசிக்கட்டும். இதில் ஒரு பொறி உண்டு: அழிக்கப்பட்ட பதிவு "மாறியது" என்று வராது. இரவில் ஒருமுறை ஐடிகளை முழுதாக ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் செத்த ஓடர்கள் பிரதியில் உயிரோடு இருக்கும். இருப்பு போல அந்தக் கணத்துக் கணக்கு வேண்டிய இடத்தில் மட்டும் ஐடி கொடுத்து ஒற்றைப் பதிவை நேரே கேளுங்கள். எழுதும்போது, ஒரு கோரிக்கையில் 10 பதிவுகள் வரை சேர்த்து அனுப்பலாம்.

ஜாயின்

இரண்டு அட்டவணைகளை இணைத்துக் கேட்பது பிரதியில் மட்டும்.

ரோல்பேக்

பாதியில் பிழைத்தால் எழுதியதைப் பின்வாங்கும் வசதி இல்லை. அனுப்பியது அனுப்பியதுதான்.

பழைய வழிகாட்டிகள்

ஏபிஐ கீ எடுக்கச் சொன்னால் மூடிவிடுங்கள். ஏர்டேபிள் அதை 2024 பெப்ரவரியோடு நிறுத்திவிட்டது. இப்போது அதற்குப் பதில் பெர்சனல் ஆக்சஸ் டோக்கன் என்ற அனுமதிச் சாவி. தேவையான ஒரு பேஸுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

கொலம் பெயர்

கடைக்காரர் ஒருநாள் "தொகை"யை "மொத்தம்" என்று மாற்றுவார், உங்களிடம் சொல்ல மாட்டார். பெயர் மாறினாலும், ஏர்டேபிள் ஒவ்வொரு கொலத்துக்கும் கொடுக்கும் ஃபீல்ட் ஐடி மாறாது. பிரதி எடுக்கும் கோடில் அதைப் பயன்படுத்துங்கள்.

நேரம்

சேவை தருவது யுடிசி என்ற உலகப் பொது நேரம். நாங்கள் ஐந்தரை மணித்தியாலம் முன்னே. சுன்னாகத்தில் விடிய 5 மணிக்குப் பதிந்த கத்தரிக்காய் ஓடர், யுடிசியில் முதல் நாள் இரவு 11.30. "இன்றைய ஓடர்கள்" பக்கத்தில் அது வராது. மரக்கறிக் கடைக்கு முக்கால்வாசி ஓடரும் அந்த நேரத்தில்தான். பிரதியில் யுடிசியாகவே சேமித்து, நாளைப் பிரிக்கும் இடத்தில் மட்டும் கொழும்பு நேரத்துக்கு மாற்றுங்கள்.