ஒழுங்கைக்கு வாகனப் பாஸ்: கையெழுத்து வாங்க முதல் அளந்து பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் நெருக்கமான ஒழுங்கைகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு, "குடியிருக்கிற ஆக்களுக்கு மட்டும் வாகனம் நிப்பாட்டப் பாஸ் குடுத்தால் என்ன?" என்பது. ஆஸ்பத்திரிப் பக்கம் நோயாளரைப் பார்க்க வருவோர் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். ரியூட்டரிப் பக்கம் பின்னேரமானால் மோட்டார் சைக்கிள் வரிசை. மண்டபம் உள்ள ஒழுங்கையில் முகூர்த்த நாளில் படலையே திறக்க முடியாது. கேட்பது நியாயம்தான். ஆனால் புதிதாகத் தொடங்கும் சங்கங்கள் முன்னையவர்கள் விட்ட பிழைகளையே திரும்ப விடுகின்றன. வெளியாரோடு தொடங்கிய பிணக்கு பக்கத்து வீட்டோடு பேச்சு அறுவதில் போய் முடிகிறது. படிவத்தில் வரும் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை ஒரு நாளில் திருத்தலாம்.

அளக்காமல் பாஸ் எண்ணிக்கையை முடிவு செய்வது

இந்த ஒன்றைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஓர் அளவுநாடாவும் ஒரு ஞாயிறு காலையும் இருந்தால் முழுவதும் தவிர்க்கக்கூடிய தவறு இது.

வழக்கமாக நடப்பது இப்படி. செயலாளர் கொப்பியோடு வீடு வீடாகப் போவார். "உங்களிட்ட எத்தனை வாகனம்?" என்று கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவார். இருபத்திரண்டு வீட்டில் பத்தொன்பது வாகனம், ஆகவே பத்தொன்பது பாஸ். கூட்டத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். முதல் நாள் இரவே பாதிக்கு மேற்பட்டோர் பாஸோடு வந்து இடமில்லாமல் நிற்பார்கள். முன்பு இடம் கிடைக்காவிட்டால் பேசாமல் வளவுக்குள் விட்டவர்கூட, பாஸ் கைக்கு வந்தபின் அந்த இடம் தன்னுடையது என்று நம்பத் தொடங்குவார்.

கணக்கைப் பாருங்கள். ஒழுங்கையின் நீளம் 400 அடி, மதிலுக்கு மதில் அகலம் 18 அடி என்று வைப்போம். ஒரு காரின் அகலம் ஏறக்குறைய ஐந்தரை அடி. பக்கக் கண்ணாடியும் மதிலோரம் விடும் இடைவெளியும் சேர 7 அடி போய்விடும், மிச்சம் 11. தீயணைப்பு வாகனத்தின் அகலமே 8 அடிக்குக் கிட்ட. 10 அடியாவது வெளியாக இருந்தால்தான் அது தயங்காமல் போகும். ஆகவே ஒரு பக்கம் மட்டுமே நிறுத்தலாம். 14 அடி ஒழுங்கை என்றால் அந்த ஒரு பக்கமும் இல்லை. அங்கே பாஸ் பேச்சையே எடுக்காதீர்கள்.

நிறுத்தும் பக்கத்தில் ஒன்பது படலை. 10 அடிப் படலைக்கு இருபுறமும் மும்மூன்று அடி விட்டால் 16. ஒன்பதுக்கும் 144 அடி. இரண்டு சந்தியிலும் 30 அடி வீதம் 60. மிஞ்சுவது 196 அடி. காருக்கு 20 அடி என்று வகுத்து "ஒன்பது கார் நிற்கும்" என்று எழுதிவிடுகிறார்கள். பிழை. அந்த 196 அடி ஒரே நீட்டுக்கு இல்லை, படலைகளுக்கு இடையே பத்துத் துண்டாகக் கிடக்கிறது. 12 அடித் துண்டில் கார் நிற்காது. 34 அடித் துண்டிலும் ஒன்றுதான் நிற்கும். உண்மையான கணக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு.

இதற்குமேல், எதிர்ப்பக்கப் படலைகளை எவரும் எண்ணுவதே இல்லை. மிச்சமுள்ள 11 அடிக்குள் ஒரு கார் படலையால் நேரே வெளியே வந்து திரும்ப முடியாது. பாதி வெளியே வரும்போதே எதிரில் நிற்கும் காரை முட்டும். அதனால் எதிர்வீட்டுப் படலைக்கு நேரேயும் வெறுமையாக விடவேண்டும். அதையும் கழித்தால் மூன்று, நான்கு இடம்தான் தேறும். நான்கு இடத்துக்குப் பத்தொன்பது பாஸ்!

செய்யவேண்டியது சிரமமான வேலை அல்ல. 100 அடி நாடா, சுண்ணாம்பு, இரண்டு பேர் போதும். இருபக்கப் படலைகள், மின்கம்பங்கள், மதகு, வாய்க்கால் மூடி எல்லாவற்றையும் தாளில் குறித்து, கார் நிற்கக்கூடிய இடங்களுக்குச் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். முடக்கில் எந்தப் பக்கமும் கோடு போடவேண்டாம். குப்பை எடுக்கும் உழவு இயந்திரமும் தண்ணீர் பவுசரும் மாட்டிக்கொள்வது அங்கேதான். பிறகு ஒழுங்கையில் உள்ள பெரிய வானைக் கோட்டுக்குள் நிறுத்தி, ஒவ்வொரு படலையாலும் ஒரு காரை வெளியே எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியாத இடத்துக் கோட்டை அந்த வீட்டுக்காரர் முன்னாலேயே அழியுங்கள். கடைசியில் நிற்கும் கோடுகளின் எண்ணிக்கை தெரிந்தபின் கொப்பியை எடுக்கலாம்.

நான்கு இடத்தை யாருக்குக் கொடுப்பது? வளவுக்குள் கார் விட வசதியே இல்லாத வீடுகளுக்கும், நடக்கமுடியாதவர் இருக்கும் வீடுகளுக்கும் முதலில். கார் விடும் கொட்டகையை அறையாக்கி வாடகைக்கு விட்டவர் வரிசையில் கடைசி. இதைக் கூட்டத்தில் சொன்னால் சத்தம் வரும். பாஸ் கொடுத்துவிட்டு வாங்கும் சத்தத்தைவிட அது நல்லது. ஒரு கார் நிற்கும் இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஐந்து நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒழுங்கை யாருடையது என்று பார்க்காமல் மனு எழுதுவது

கண்டி வீதி போன்ற பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. சில வீதிகள் மாகாணத் திணைக்களத்தின் கீழ் வரும். உள்வீதிகள் உள்ளூராட்சிச் சபையுடையவை. எந்தச் சபை என்பதிலும் கவனம் தேவை. நல்லூர்க் கோயிலடி யாழ்ப்பாணம் மாநகரசபைக்குள் இருக்கிறது. திருநெல்வேலி, கொக்குவில் ஒழுங்கைகள் நல்லூர்ப் பிரதேசசபைக்குள்.

இன்னொரு வகையும் நம்மூரில் நிறைய உண்டு: காணி பிரித்தபோது உறுதியில் விடப்பட்ட தனியார் ஒழுங்கை. அதற்குச் சபை பாஸ் கொடுக்க முடியாது. உறுதியில் உங்களுக்கு இருப்பது போய்வரும் வழியுரிமை. வாகனத்தை விட்டு மற்றப் பங்குக்காரரை மறிக்கும் உரிமை அதில் வராது. எல்லாருடைய உறுதியையும் நிலஅளவைப் படத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்துப் பங்குக்காரர் எழுத்தில் உடன்படவேண்டும். உடன்பாடு வராவிட்டால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள மத்தியஸ்த சபைக்குப் போங்கள். கைகலப்பு வரும் நிலை என்றால் பொலிஸார் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்படி நீதிமன்றுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கிடைப்பது அமைதி குலையாமல் இருப்பதற்கான கட்டளை மட்டுமே. உரிமையைத் தீர்க்க மாவட்ட நீதிமன்றம் போகவேண்டும். அது ஆண்டுக்கணக்கில் இழுபடும்.

வாகனப் புத்தகத்தில் உள்ள பெயரை மட்டும் கேட்பது

வெளிநாட்டில் இருக்கும் அண்ணரின் பெயரில் வாகனம் நிற்கும். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓடுவார். லீசிங் வாகனத்தில் முழு உரிமையாளராகக் கம்பனி இருக்கும். பெயர் பொருந்தவேண்டும் என்றால் உண்மையான குடியிருப்பாளர் பலர் வெளியே நிற்பார்கள். நடப்பாண்டு வருமான அனுமதிப்பத்திரம், கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்படுத்தல், சோலைவரிப் பற்றுச்சீட்டு அல்லது மின்பட்டியல் ஆகிய மூன்றும் போதும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் கடிதம் கொடுக்கட்டும். அவரை ஒதுக்காதீர்கள், அவரும் அந்த ஒழுங்கையில்தான் இருக்கிறார். பாஸில் வாகன இலக்கம் கட்டாயம் இருக்கவேண்டும். வீட்டு இலக்கம் மட்டும் போட்டால் அது மருமகனின் காருக்கும் மாறும், வாடகை வானுக்கும் மாறும்.

திருவிழாப் பாஸை உதாரணம் காட்டுவது

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டு, உள்ளே குடியிருப்போருக்கு மாநகரசபை வாகன அனுமதி கொடுக்கிறது. "அங்க ஏலுமெண்டால் இஞ்ச ஏன் ஏலாது?" என்று கேட்கிறார்கள். அது 25 நாள் திருவிழாவுக்கான ஒழுங்கு. தடுப்பும் அதில் ஆளும் இருக்கும். அந்த அனுமதி வீட்டுக்குப் போய்வருவதற்கு. உங்கள் ஒழுங்கை வாயிலில் ஆண்டு முழுவதும் யார் நிற்பது? அதற்குப் பதில் இல்லாத திட்டத்தைச் சபைக்கு அனுப்பாதீர்கள்.

சங்கமே ஸ்டிக்கர் அடிப்பது

பொது வீதியில் அதற்குச் சட்டவலு இல்லை. ஸ்டிக்கர் இல்லாத வாகனத்துக்குக் காற்றுத் திறந்துவிட்டால் குற்றவாளி நீங்கள்தான்.

பூச்சாடி, ரயர், கல் வைத்து இடம் பிடிப்பது

பாஸ் இருந்தாலும் வைக்கக்கூடாது.

செத்தவீட்டை மறப்பது

செத்தவீட்டுக்கு வருபவரிடம் பாஸ் கேட்க எவருக்கும் வாய் வராது. ஆனால் விதியில் அது இல்லாவிட்டால், பிறகு சாமத்திய வீட்டுக்காரர் "அவைக்கு விட்டனீங்கள்தானே" என்று கேட்பார். செத்தவீட்டுக்கும் அந்தியேட்டிக்கும் விதி தளரும் என்று முதலே எழுதுங்கள். மற்ற வைபவங்களுக்கு மூன்று நாள் முன்னறிவித்தல், ஒரு பக்கம் மட்டும், 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வந்து திரும்ப வழி.

முடிவுத் திகதி இல்லாத பாஸ்

முதல் பாஸை ஆறு மாதத்துக்கு மட்டும் கொடுங்கள். வீடு மாறியவர், வாகனம் விற்றவர், இரண்டாம் கார் வாங்கியவர் எல்லாரும் அதற்குள் தெரிந்துவிடுவார்கள். திகதியைப் பெரிய எழுத்தில், முன்கண்ணாடிக்கு வெளியே நின்று வாசிக்கக்கூடியதாக அச்சிடுங்கள். மீள வழங்கும்போது பழையதைக் கையில் வாங்கிக் கிழித்தபின்தான் புதியதைக் கொடுக்கவேண்டும்.