டிரஸ்ட், திருச்சபை, அரசுத் திட்டம்: தலைமை நிர்வாகியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மதுரை வட்டாரத்தில் டிரஸ்டுகள், திருச்சபை நடத்தும் ஆஸ்பத்திரிகள், விடுதிகள், கலெக்டர் அலுவலகத்தின் கீழ் இயங்கும் திட்ட அலகுகள் ஏராளம். இவற்றுக்கு இயக்குநரோ நிர்வாக அதிகாரியோ திட்ட மேலாளரோ தேவைப்பட்டால், கமிட்டி உடனே விளம்பரம் எழுத உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. வரப்போகிறவர் கையில் எந்த அதிகாரத்தை ஒப்படைக்கப் போகிறோம் என்று எழுதிவைக்க வேண்டும். வந்த வேகத்தில் விட்டுப்போகிற இயக்குநர்களில் பலர் திறமைக் குறைவால் போவதில்லை. பொறுப்பு முழுவதும் அவர் தலையில், முடிவெடுக்கும் உரிமை மட்டும் பழைய இடத்தில் என்று இருந்தால் நல்ல ஆள் யாரும் நிற்கமாட்டார்.

ஒரே பக்கத்தில் இந்த அதிகாரப் பட்டியலைப் போட்டுவிடலாம். செக்கில் யார் யார் கையெழுத்து, எவ்வளவு வரை? ஆளை எடுக்க, இடம் மாற்ற, நிறுத்த யாருக்கு உரிமை? நன்கொடையாளரிடமும் அதிகாரிகளிடமும் நிறுவனத்தின் சார்பில் யார் பேசுவது? கொள்முதலுக்கு எத்தனை கொட்டேஷன்? உதாரணமாக, 50,000 ரூபாய் வரை இயக்குநரே அனுமதிக்கலாம், அதற்கு மேல் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், 5 லட்சத்தைத் தாண்டினால் கமிட்டித் தீர்மானம் வேண்டும் என்று வைக்கலாம். தொகை உங்கள் பட்ஜெட்டைப் பொறுத்தது. ஆனால் இது தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டால் முதல் சச்சரவிலேயே ஆளுக்கொரு ஞாபகம் வந்துவிடும்.

நிறுவனர் இன்னும் வளாகத்திலேயே இருக்கிறார் என்றால் இந்தப் பட்டியல் இன்னும் அவசியம். ஓட்டுநரும் கணக்காளரும் பழக்கதோஷத்தில் பழைய ஐயாவுக்கே போன் போடுவார்கள், அவரும் பாசத்தில் பதில் சொல்லிவிடுவார். மூன்று மாதத்தில் புது இயக்குநரின் உத்தரவுக்கு மதிப்பிருக்காது. நிறுவனருக்கு மாதம் ஒரு சந்திப்பு, கமிட்டியில் ஓர் இருக்கை என்று வையுங்கள். ஊழியர் யாரும் அவரிடம் நேரடியாக வேலை கேட்டுப் போகக் கூடாது என்பதை அவர் வாயாலேயே ஊழியர் கூட்டத்தில் சொல்ல வைப்பது நல்லது.

சம்பளக் கணக்கு

“தகுதிக்கேற்ற சம்பளம்” என்று மட்டும் போட்ட விளம்பரத்தைத் தகுதியுள்ளவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு வரம்பைப் போடுங்கள். அது கையில் வரும் தொகையா, நிறுவனம் செலுத்தும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்த ஆண்டுத் தொகையா என்றும் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் ஆள் கைநழுவிப் போவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான்.

வெளிநாட்டு நன்கொடை வாங்கும் நிறுவனமாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஓர் ஆண்டில் வந்த வெளிநாட்டு நன்கொடையில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவுக்குப் போகக் கூடாது. அதற்கு முன் இந்த வரம்பு 50 சதவீதமாக இருந்தது. இயக்குநரின் சம்பளமும் பயணச் செலவும் நிர்வாகச் செலவில்தான் சேரும். வருஷத்துக்கு 1.5 கோடி வருகிறது என்று வைத்துக்கொண்டால் வரம்பு 30 லட்சம். இயக்குநருக்கு 12 லட்சம், கணக்காளருக்கு 4 லட்சம், வாடகை 3.6 லட்சம், ஆடிட்டுக்கு 1.5 லட்சம், அலுவலக வண்டிக்கு 3 லட்சம் என்று போட்டாலே 24.1 லட்சம் ஆகிவிடும். மிச்சம் 5.9 லட்சம்தான். அடுத்த ஆண்டு நன்கொடை 1.2 கோடியாகக் குறைந்தால் வரம்பு 24 லட்சத்துக்கு இறங்கும், அதே செலவுகள் வரம்பை மீறிவிடும். ஆகவே சம்பளத்தில் எவ்வளவு உள்நாட்டு நிதியிலிருந்து வரும் என்பதை ஆடிட்டரோடு உட்கார்ந்து முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

அறங்காவலரின் உறவினரை அந்தப் பதவியில் வைக்க நினைத்தால் வருமான வரிப் பக்கமும் பார்க்க வேண்டும். வேலைக்குப் பொருந்தாத அளவு சம்பளம் கொடுத்தால் டிரஸ்டின் வரிவிலக்குக்கே ஆபத்து. உறவினர் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வெளியாள் ஒருவருக்கும் இதே சம்பளத்தைத்தான் கொடுத்திருப்போம் என்று காகிதத்தில் காட்ட முடிய வேண்டும்.

எப்போது, எங்கே தேடுவது

பெரிய பதவியில் இருப்பவருக்கு மூன்று மாத நோட்டீஸ் பீரியட் இருக்கும். ஜூன் 1-ல் ஆள் உட்கார வேண்டும் என்றால் டிசம்பர் தொடக்கத்தில் அதிகாரப் பட்டியல், ஜனவரி முதல் வாரம் விளம்பரம், பிப்ரவரி நடுவில் நேர்காணல், அந்த மாதக் கடைசிக்குள் பணியாணை என்று பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மார்ச் கடைசியில் கணக்கு முடிப்பு இருப்பதால் கமிட்டிக்கு நேரம் இருக்காது. சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரைக்குள் வெளியூர் ஆளை வரச் சொல்லாதீர்கள், ரூமும் கிடைக்காது, ரோடும் கிடைக்காது. திருச்சபை நிறுவனங்களில் பரிசுத்த வாரத்தையும் கிறிஸ்துமஸையும் ஒட்டி எதையும் வைக்க வேண்டாம்.

நாளிதழின் மதுரைப் பதிப்பில் ஒரு விளம்பரம், லிங்க்ட்இன்னில் ஒன்று என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. மதுரை இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ், காந்திகிராமம், டாடா-தான் அகாடமி ஆகிய சமூகப்பணி, கிராம மேம்பாட்டுக் கல்வி நிறுவனங்களின் பழைய மாணவர்கள் தென்மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். கண் மருத்துவமனை நிர்வாகி வேண்டுமென்றால் அரவிந்த் கண் மருத்துவமனையின் பயிற்சி நிறுவனமான லைகோவில் பயிற்சி பெற்றவர்களிடம் விசாரிக்கலாம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்களும் அரசு அதிகாரிகளும் நிறைய விண்ணப்பிப்பார்கள். கோப்பு, கணக்கு, அதிகாரிகளோடு பழக்கம் ஆகியவற்றில் அவர்கள் கெட்டிக்காரர்கள். நிதி திரட்டும் வேலையும், கீழே ஆள் இல்லாமல் தானே அறிக்கை எழுதும் வேலையும் அவர்களுக்கு வருமா என்பதைத் தேர்வில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

திருச்சபைப் பதவிகளில் ஒரு வேறுபாடு உண்டு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருமண்டலத்தில் செயலர், பொருளாளர் போன்ற பொறுப்புகளுக்குத் தேர்தல் நடக்கிறது. கத்தோலிக்க மறைமாவட்டத்தில் பொருளாளரை ஆயர் ஐந்தாண்டுக்கு நியமிக்கிறார். இங்கே சொல்வது அவற்றுக்கல்ல, ஆஸ்பத்திரி நிர்வாகி, சொத்து அலுவலர், சமூகப்பணி மைய இயக்குநர் போன்ற நியமனங்களுக்கு. திருமண்டலத் தேர்தலுக்கு ஆறு மாதமே இருக்கும்போது இப்படி ஒருவரை எடுத்தால், புதுக் கமிட்டி அவரைப் பழைய அணியின் ஆளாகத்தான் பார்க்கும். தேர்தல் முடிந்து எடுங்கள். முடியாவிட்டால் ஒப்பந்தக் காலம் தேர்தலைத் தாண்டி இரண்டு வருஷமாவது நீளட்டும். சபை உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, ஆன்மிகப் பொறுப்பும் சேர்ந்த பதவிக்குப் பொருந்தும். எக்ஸ்ரே மெஷின் வாங்கி, நர்சுகளின் ஷிஃப்ட் போடுகிறவருக்கு அது எதற்கு என்று கமிட்டி நேர்மையாக யோசிக்க வேண்டும். நிபந்தனை உண்டென்றால் விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள், நேர்காணலில் வைத்து முதல்முறையாகச் சொல்வது அநியாயம்.

தேர்வு நாள்

குழுவில் ஐந்து பேர் போதும்: இரண்டு அறங்காவலர், கணக்கு தெரிந்த வெளியாள் ஒருவர், அந்தத் துறையில் வேலை பார்த்தவர் ஒருவர், களத்தை அறிந்த ஒருவர். இவர்களில் பெண்கள் இருவராவது இருக்கட்டும். விண்ணப்பித்தவர்களில் தெரிந்தவர், உறவினர் யாராவது உண்டா என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். உறவினர் இருந்தால் அந்தத் தேர்வு முழுவதிலிருந்தும் விலகிவிட வேண்டும்.

பேச்சை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மேடைப் பேச்சு நன்றாக வருகிறவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. கமிட்டி ஏமாறுவதும் அங்கேதான். காலையில் 90 நிமிட எழுத்துப் பயிற்சி கொடுங்கள். பெயர் மாற்றிய ஒரு வரவு-செலவு அறிக்கை இரண்டு பக்கம். அதில் மூன்று பிசகுகளை வேண்டுமென்றே வைத்துவிடுங்கள்: இயக்குநரின் கார் டீசல் ‘களப்பயிற்சி’ தலைப்பில் ஏறியிருக்கும், ஒரு நன்கொடையாளரின் பணம் வேறொரு திட்டத்தின் சம்பளத்துக்குக் ‘கடனாக’ப் போயிருக்கும், பி.எஃப். பிடித்தம் காட்டியிருக்கும், செலுத்திய விவரம் இருக்காது. “பொருளாளருக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள், நன்கொடையாளருக்கு அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதுங்கள்” என்பதே கேள்வி. மூன்றில் இரண்டைக்கூடக் கண்டுபிடிக்காதவர் கையில் கையெழுத்து அதிகாரத்தைக் கொடுக்க முடியாது. கண்டுபிடித்துவிட்டு நன்கொடையாளரிடம் மறைக்கப் பார்க்கிறவரிடமும் கொடுக்கக் கூடாது. இரண்டாவது வகை ஆபத்தானது, ஏனென்றால் அவருக்கு வேலை தெரியும்.

மதியம் களத்துக்கு அழைத்துப் போங்கள். உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ உங்கள் மகளிர் குழு ஒன்றின் கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். குழுவின் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறாரா, கடன் பாக்கியைப் பற்றிக் கேட்கும்போது எழுதத் தெரியாத அம்மாவின் முகம் வாடாமல் கேட்கிறாரா, போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தரையில் இருக்கிறவர்களுக்கு அறிவுரை சொல்கிறாரா என்று கவனியுங்கள். கூட வந்த களப்பணியாளரின் கருத்தை மறுநாள் தனியாகக் கேளுங்கள்.

நேர்காணலில் எல்லாருக்கும் ஒரே ஆறு கேள்வி. நடந்ததைக் கேளுங்கள்: “கடைசியாக நீங்கள் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தியது எப்போது, எப்படிச் சொன்னீர்கள்?” “ஒரு நன்கொடை நின்றுபோனபோது சம்பளத்துக்கு என்ன செய்தீர்கள்?” பெண் விண்ணப்பதாரரிடம் கல்யாணம், குழந்தை, கணவரின் டிரான்ஸ்ஃபர் பற்றிக் கேட்கக் கூடாது. “சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா பேரு என்ன” என்று போகும் கேள்விகள் எங்கே போய் முடியும் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். தலைவர் அதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மதிப்பெண்ணைக் கலந்து பேசும் முன் தனித்தனியாக, மையில் எழுதுங்கள். கணக்கும் நிதியும் 30, ஆட்களை நடத்தும் விதம் 25, திட்ட அறிவு 20, நிதி திரட்டலும் அரசுத் தொடர்பும் 15, எழுத்து 10 என்று பிரிக்கலாம். மூத்த அறங்காவலர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்ற நான்கு பேரும் அதைத்தான் வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

அரசுப் பக்கம்

நிரந்தர அரசுப் பதவிக்கு அலுவலகம் தானாக ஆள் எடுக்க முடியாது. ஒப்பந்த அடிப்படையிலான திட்டப் பதவிகளில்தான் மாவட்ட அளவில் தேர்வு நடக்கிறது. இங்கே அறிவிக்கைதான் சட்டம். விதிகள் இடம் கொடுத்தாலொழிய, தேர்வு தொடங்கிய பிறகு தகுதி நிபந்தனைகளை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. “இவ்வளவு விண்ணப்பம் வந்துவிட்டதே, அனுபவத்தை 5 வருஷத்திலிருந்து 8 ஆக்கிவிடலாம்” என்று நடுவில் முடிவெடுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு விழும். மதிப்பெண் தாள்களையும் குழுவின் நடவடிக்கைக் குறிப்பையும் தேதியிட்டுப் பத்திரமாக வையுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி வரும். இனச்சுழற்சி, அதாவது இட ஒதுக்கீட்டு வரிசை, எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அறிவிக்கைக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

விசாரிப்பு, பணியாணை, ஒப்படைப்பு

ரெஃபரன்ஸ் கடிதத்தில் யாரும் குறை எழுதமாட்டார்கள். மூன்று பேரிடம் போனில் பேசுங்கள், அதில் ஒருவர் விண்ணப்பதாரருக்குக் கீழே வேலை பார்த்தவராக இருக்கட்டும். “மறுபடி இவரை எடுப்பீர்களா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதிலுக்கு முன் வரும் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் விசாரிக்க அவருடைய சம்மதம் வேண்டும். மதுரை சின்ன ஊர், காலையில் கேட்டால் சாயங்காலத்துக்குள் அவர் முதலாளி காதுக்குப் போய்விடும். விடுதியோ குழந்தைகள் இல்லமோ இருக்கும் நிறுவனத்தில் காவல்துறைச் சரிபார்ப்பைத் தவிர்க்கவே கூடாது. போக்சோ புகாரை, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் புகாரை, காவல்துறைக்குத் தெரிவிக்காமல் உள்ளேயே பேசி முடிப்பது குற்றம் என்பது அவருக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள்.

பணியாணையில் ஆறு மாதத் தகுதிகாண் பருவம், அதில் இரு தரப்புக்கும் ஒரு மாத நோட்டீஸ், பிறகு மூன்று மாதம் என்று போடலாம். அதிகாரப் பட்டியலை அதன் பின்னிணைப்பாக வையுங்கள். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவில் அவர் முக்கியப் பொறுப்பாளராக வருகிறார் என்றால் 45 நாளுக்குள் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்த மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

ஒப்படைப்புக்கு ஒரு வாரம் ஒதுக்கி, இரண்டு பேரும் கையெழுத்திட்ட பட்டியலாகச் செய்யுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், எஃப்.சி.ஆர்.ஏ., பி.எஃப்., வருமான வரித் தளங்களின் பாஸ்வேர்டுகள், அவற்றோடு இணைந்த மொபைல் எண் யாரிடம் இருக்கிறது, நிலப் பத்திரங்கள், வண்டிகளின் ஆர்.சி., நடக்கும் வழக்குகளும் அடுத்த வாய்தா தேதியும். ஓ.டி.பி. பழைய இயக்குநரின் சொந்தப் போனுக்கே போய்க்கொண்டிருந்தால் டிசம்பர் 31-க்குள் போட வேண்டிய எஃப்.சி.-4 என்ற வெளிநாட்டு நன்கொடை ஆண்டுக் கணக்கு அந்த ஒரு காரணத்தால் தவறிவிடலாம், அதனால் நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம் வாங்கி எல்லாத் தளங்களையும் முதல் நாளே அதற்கு மாற்றுங்கள்.