நார்த் யார்க் மூர்ஸில் சைக்கிள் ஓட்டப் போகிறீர்களா? முதலில் கியரைப் பாருங்கள்

இங்கிலாந்தின் வடகிழக்கில், விட்பி கடற்கரைக்கு மேற்கே பரந்து கிடக்கும் மேட்டுநிலம்தான் நார்த் யார்க் மூர்ஸ். 1952லிருந்து தேசியப் பூங்கா. மேலே மரம் கிடையாது, வேலி கிடையாது, முழங்கால் உயர ஹெதர் புதரும் செம்மறியும் காற்றும்தான். ஆகஸ்ட்டில் அந்தப் புதர் மொத்தமும் ஊதாப் பூவாகப் பூக்கும், அதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். வரைபடத்தைப் பார்த்தால் பயமே வராது, ஏனென்றால் ரோடு தொடும் உச்சி 400 மீட்டரை ஒட்டித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மிதித்து 1,900 மீட்டர் ஏறியவருக்கு இதெல்லாம் ஒரு ஏற்றமா என்றுதான் தோன்றும்.

அங்கேதான் ஏமாறுவது. ஊட்டி ரோடு அந்த உயரத்தை ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்குப் பரப்பி, கொண்டைஊசி போட்டுப் போட்டு ஏற்றிவிடும், சராசரி 4 சதவீதம். இங்கே பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேடு வரை ரோடு நேராகச் சுவரில் ஏறுகிற மாதிரி ஏறும். ரோஸ்டேல் சிம்னி பேங்க் என்கிற ஏற்றம் ஒன்றரைக் கிலோமீட்டர்கூடக் கிடையாது, ஆனால் மோசமான இடத்தில் 33 சதவீதம், அதாவது மூன்றடி முன்னே போனால் ஓரடி மேலே. அந்த மாதிரி ஏற்றம் ஒன்று முடிந்து மேலே போய், இறங்கி, மறுபடி அடுத்த பள்ளத்தாக்கில் இன்னொன்று. அதனால் மொத்த உயரத்தைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். எவ்வளவு செங்குத்து, காற்று எந்தப் பக்கம், இந்த இரண்டையும் பாருங்கள்.

சரி, கியருக்கு வருவோம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீத ஏற்றத்தில் மணிக்கு வெறும் 5 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதற்கே 260 வாட்டுக்கு மேல் வேண்டும். முன்னால் 39 பல், பின்னால் பெரியது 25 பல் என்று பழைய ரேஸ் சைக்கிள் வைத்திருந்தால் அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 25 சுற்றுதான் சுற்றும். அது மிதிப்பதே இல்லை, ஒவ்வொரு பக்கமும் ஏறி நிற்பது, முட்டி சும்மா விடாது. முன்னால் 34, பின்னாலும் 34 இருந்தால் 40 சுற்று கிடைக்கும், அதுவும் சொகுசில்லைதான், ஆனால் ஏறிவிடலாம். முன்னால் 30 பல் கிடைத்தால் இன்னும் நல்லது, வெட்கப்பட ஒன்றுமே இல்லை. கேசட்டை, அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியை, மாற்றுவதற்கு முன் உங்கள் பின் டெரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) அத்தனை பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், செயின் நீளமும் மாற வேண்டியிருக்கும். டயர் 28 அல்லது 32 மில்லிமீட்டர் போதும், 23 போட்டுக்கொண்டு வந்தால் ரோடு உங்கள் பல்லை ஆட்டிவிடும்.

வரைபடம் என்றால் பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் லேண்ட்ரேஞ்சர் 94. போனிலும் பார்க்கலாம், ஆனால் மேலே பல இடங்களில் சிக்னல் இருக்காது, முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடத்தில் ரோட்டின் மேல் சின்ன அம்புக்குறி தெரியும். ஒற்றை அம்பு என்றால் 14 முதல் 20 சதவீதம், இரட்டை அம்பு என்றால் 20க்கு மேல். அம்பின் கூர் கீழ்நோக்கி, இறக்கத்தின் பக்கம் இருக்கும், அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் நாள் முழுக்க வருத்தம்தான். முதல் முறை வருகிறவர்கள் இரட்டை அம்பில் ஏறுவது ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் சொல்லும் முதல் சுற்று இது: காசில்டன் மூர் ரயில் நிலையத்தில் இறங்கி, தெற்கே காசில்டன் ரிக் வழியாக ஏறி, ரால்ஃப் கிராஸ் கல்சிலுவையைத் தாண்டி (பூங்காவின் சின்னமே அதுதான்) பிளேக்கி ரிட்ஜ் முகட்டில் போய், ஹட்டன்-லி-ஹோல் கிராமத்துக்கு இறங்குவது. அங்கிருந்து லாஸ்டிங்ஹாம், கிராப்டன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு ரோஸ்டேல் அபி, அப்புறம் பள்ளத்தாக்கின் தலைப்பக்கம் ஏறி மறுபடி ரால்ஃப் கிராஸ், காசில்டன். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஹட்டன்-லி-ஹோலிலிருந்து ரோஸ்டேலுக்குக் குறுக்குவழி இருக்கிறது, அது சிம்னி பேங்க்கில் போய்க் கீழே விழும். முதல் தடவை அதில் இறங்காதீர்கள். ஏறிப் பார்க்கத் தோன்றினால் ரோஸ்டேல் பக்கமிருந்து ஏறுங்கள், முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

இந்தச் சுற்றை ஏன் இந்தத் திசையில் சொல்கிறேன் என்றால் காற்று. இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் அடிக்கும், முகட்டில் தடுக்க ஒரு மரம்கூட இல்லை. போகும்போது எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டால் களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். வானிலை அறிக்கையில் சராசரி வேகத்தை விட்டுவிட்டு, திடீர் வீச்சு எவ்வளவு என்று பாருங்கள். அது மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால் முகட்டுக்குப் போகவே வேண்டாம், பள்ளத்தாக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். பக்கக்காற்றில் இன்னொரு விஷயம்: ஒரு வேன் உங்களைத் தாண்டும்போது சில விநாடி காற்று மறைந்து, தாண்டியதும் திடீரென்று அறையும். அதுவரை காற்றின் மேல் சாய்ந்துகொண்டே ஓட்டியிருப்பீர்கள், காற்று மறைகிற நொடியில் சைக்கிள் சட்டென்று ரோட்டின் நடுவுக்குப் போகும். வேன் சத்தம் கேட்டதுமே கையைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, ஓரத்தை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட்டு ஓட்டுங்கள். இடதுபுறம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான், அந்தக் கவலை இல்லை.

கிழக்குக் கடலிலிருந்து மூடுபனியும் வரும், வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் அதிகம். கீழே வெயில், மேலே பத்தடி தெரியாது. பகலிலும் பின்விளக்கு எரியட்டும்.

ஏறும்போது செங்குத்து தொடங்குவதற்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள், பளு விழுந்தபின் மாற்றினால் செயின் கதறும், சில நேரம் கழன்றும் விடும். 25 சதவீதத்துக்கு மேல் போனால் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கப் பார்க்கும். அதற்கு சீட்டின் முனைக்கு நகர்ந்து உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சை ஹேண்டில்பார் பக்கம் இறக்க வேண்டும். எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேல் இருக்கும் எடை குறைந்துவிடும், ஈர ரோட்டில் அது சுற்றிச் சறுக்கும். நடுவில் நின்றுவிட்டால் ஏற்றத்தைப் பார்த்தபடி மறுபடி கிளம்புவது ஏறக்குறைய முடியாத காரியம். வண்டி வரவில்லை என்று பார்த்துவிட்டு, சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்கே திருப்பி, அந்தச் சில அடியில் இரண்டு காலையும் பெடலில் பூட்டிக்கொண்டு, பிறகு மேல்நோக்கித் திருப்புங்கள்.

இறக்கம்தான் உண்மையில் ஆளைச் சோதிக்கும். கையை வளைந்த கம்பியின் கீழ்ப்பகுதியில் வையுங்கள், இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள், வேகம் ஏறிய பிறகு பிரேக் பிடிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். டிஸ்க் இல்லாமல் ரிம் பிரேக் என்றால் ஈரத்தில் முதல் சில சுற்று பிடிக்கவே பிடிக்காது, அதை மனதில் வைத்து முன்பே லேசாகத் தேய்த்துக் காய வையுங்கள். இறக்கத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு வளைவு, ஒரு சின்னப் பாலம், மழையில் அடித்து வந்த சரளை, இவை மூன்றும் காத்திருக்கும்.

ரோட்டுக்குக் குறுக்கே கால்நடைத் தடுப்புகள் வரும், இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள், ஆடு தாண்டாமலிருக்க. பயந்து நிறுத்தினால்தான் ஆபத்து. முன்பே வேகத்தை மட்டாக்கிக்கொண்டு, குழாய்களுக்குச் செங்கோணத்தில் நேராக, திருப்பாமல், பிரேக் தொடாமல், மிதிப்பதையும் நிறுத்திவிட்டு, சீட்டிலிருந்து லேசாக எழும்பி உருட்டிவிடுங்கள். மழை பெய்திருந்தால் இறங்கி நடந்துவிடலாம், பக்கத்தில் சின்னக் கதவு இருக்கும். ரோட்டை நீரோடை கடக்கும் இடங்களிலும் அப்படியே, அடியில் பாசி படிந்த கான்கிரீட், அதில் ஓட்டி வீரம் காட்ட வேண்டாம்.

ஆடுகளைப் பற்றி ஒரே விஷயம். ஏப்ரல், மே மாதங்களில் தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் குட்டி கட்டாயம் உங்கள் சக்கரத்துக்கு முன்னால்தான் ஓடும். நடைவேகத்துக்கு வந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு பிளேக்கி ரிட்ஜ் முகட்டில் லயன் இன் என்று பழைய விடுதி இருக்கிறது, 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்பார்கள், சுற்றிலும் வேறு வீடு அதிகம் இல்லை. அங்கே வேர்த்த உடம்போடு வெளியே உட்காராதீர்கள், ஜூலையிலும் குளிர் எலும்பில் இறங்கும். கையில்லாத காற்றுச் சட்டை ஒன்றும் மழைச் சட்டை ஒன்றும் முதுகுப் பையில் எப்போதும் இருக்கட்டும், இறக்கத்துக்கு முன் போட்டுக்கொள்ளுங்கள், நடுவில் போட நினைத்தால் கை விறைத்திருக்கும். கூடவே இரண்டு டியூப், பம்ப், டயர் நெம்பி. தண்ணீர் இரண்டு பாட்டில், ஏனென்றால் ஹட்டன்-லி-ஹோல் இறங்கும்வரை வேறு கடை கிடையாது.

புறப்படுமுன் போனிலிருந்து பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999க்கு ரெஜிஸ்டர் என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பி, வரும் பதிலுக்கு யெஸ் என்று அனுப்பிப் பதிந்துவிடுங்கள். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமாக இருந்தாலும் குறுஞ்செய்தியில் உதவி கேட்கலாம்.

கடைசியாக ரயில். மிடில்ஸ்பரோவிலிருந்து விட்பிக்குப் போகும் எஸ்க் பள்ளத்தாக்குப் பாதையில் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான், சைக்கிளுக்கும் இடம் குறைவு. நேரத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். தவறவிட்டால் பள்ளத்தாக்கோடு விட்பிக்கு ஓட்டிவிடலாம், ஆற்றங்கரைதானே, சமதளமாக இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். கிளெய்ஸ்டேல் தாண்டியதும் லிம்பர் ஹில் இருக்கிறது, அதுவும் 33 சதவீதம்.