உப்புக்காற்றில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் லைன்: முதல்முறை போடுகிறவர்களுக்கு

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) லைன் பொரிந்து உதிர ஆரம்பித்ததும், சம்ப்பிலிருந்து மாடி டேங்க் வரைக்கும் எஸ்.எஸ். பைப்பை நானே போட்டேன். ஒரு வாடைக்காலம் முடிவதற்குள் பைப் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். கட்டைவிரலால் தேய்த்தால் சில அழிந்தன, சில அழியவில்லை. ஒரு கிளாம்பைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் ஈர உப்பு பிசுபிசுவென்று படிந்திருந்தது. துடைத்தால் குண்டூசித் தலையளவு ஒரு குழி, நகம் வைத்தால் தட்டுப்பட்டது. பைப் நல்ல பைப்தான். கான்கிரீட் கம்பி அறுத்த வீலிலேயே அதையும் அறுத்தேன், சாதா இரும்புக் கிளாம்பு போட்டு இறுக்கினேன். தப்பு அங்கேதான்.

எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். காற்றுப் பட்டதும் மேலே ஒரு தோல் கட்டிக்கொள்ளும். சில நானோமீட்டர் கனம்தான், கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைக்கும். காற்றுப் போகாத இடுக்கில் உப்பும் ஈரமும் தங்கினால் தோல் மறுபடி வளரவே முடியாது. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் கீழே சொல்லும் ஒவ்வொன்றும் ஏனென்று தானாகப் புரியும்.

முதலில் தண்ணீர், பிறகு பைப்

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ வேறு ஆய்வகத்திலோ கொடுத்து, குளோரைடு எவ்வளவு என்று கேளுங்கள். டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் போதாது, அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். லிட்டருக்கு சுமார் 200 மில்லிகிராமுக்குள் குளோரைடு இருந்தால் எஸ்.எஸ்.ஸில் 304 ரகம் தாங்கும். சுமார் 1000 வரை 316. அதற்கு மேலே போனால் எஸ்.எஸ். வேண்டாம், சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போட்டுவிடுங்கள். கரையோரத்து போர்வெல்கள் பலவற்றில் வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீருக்கு எஸ்.எஸ். போடுவது காசைக் கடலில் கொட்டுவதுதான்.

இது பைப்பின் உள்பக்கக் கணக்கு. வெளிப்பக்கம் உப்புக்காற்று இருக்கிறதே! பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கடல் பக்கத்தில் வீடு இருந்தால், வெளியே தெரியும் லைனுக்கு 316 மட்டும்தான். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, குழி விழுவதை அதுதான் தடுக்கிறது. 304-ல் அது கிடையாது. காந்தம் வைத்துப் பார்த்து ரகம் சொல்பவரை நம்பாதீர்கள், இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. பைப்பின் மேல் அச்சிட்ட ரக எண்ணைப் பாருங்கள், ஆலைச் சான்றிதழைக் கேளுங்கள். இது வீண் பயமில்லை. உலோக அரிப்பை ஆராய காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நிலையம் வைத்திருப்பது நம் மண்டபத்தில்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்குள்ளும் எஸ்.எஸ். கம்பிதான் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அறுப்பது

எஸ்.எஸ்.ஸுக்கென்று தனி வீல், தனி அரம், தனி பிரஷ். இரும்பு அறுத்த வீலைத் தொடவே கூடாது. அந்த வீலிலிருக்கும் இரும்புத்தூள் பைப்பில் ஒட்டி, உப்புக்காற்று பட்டதும் துருப்பிடிக்கும், அடியிலுள்ள தோலையும் கெடுக்கும். பக்கத்தில் யாராவது கிரில் வெல்டிங் செய்துகொண்டிருந்தால் பைப்பை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், பொறி பறந்து வந்து ஒட்டினாலும் இதே கதிதான். கையால் சுற்றி அறுக்கும் பைப் கட்டர் கிடைத்தால் ரொம்ப நல்லது. பொறி வராது, வெட்டும் நேராக வரும்.

அறுத்தபின் உள்ளேயும் வெளியேயும் பிசிறு எடுங்கள். சோம்பல்பட்டால் அந்தப் பிசிறு மூட்டுக்குள்ளிருக்கும் ரப்பர் வளையத்தைக் கீறிவிடும், கசிவு அங்கிருந்துதான் தொடங்கும்.

இணைப்பது

வெல்டிங் புதியவருக்கு வேண்டாம். பைப்புக்குள் ஆர்கான் வாயு விடாமல் டிக் வெல்டிங் வைத்தால் உள்பக்கம் கருகிப் பொருபொருவென்று ஆகிவிடும், குழி அங்கே சீக்கிரம் விழும். மெஷினால் அழுத்தி இறுக்கும் பிரஸ் ஃபிட்டிங் எளிது, அந்த மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். பைப்பின் வெளிவிட்டம்தான் இதில் அளவு: பழைய ஒரு இஞ்ச் லைனுக்கு 28 மி.மீ. பொருந்தும்.

ஃபிட்டிங்குக்குள் பைப் எவ்வளவு போகவேண்டும் என்று தயாரிப்பாளர் அட்டவணையில் இருக்கும். அந்த அளவை பைப்பில் மார்க்கரால் கோடு போடுங்கள். ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள், தண்ணீர் தொட்டுக்கொண்டால் போதும். லேசாகத் திருகிக்கொண்டே கோடு வரைக்கும் தள்ளுங்கள். எல்லாவற்றையும் சொருகி, மட்டம் பார்த்து, அதன்பிறகு அழுத்துங்கள். அழுத்திய மூட்டைத் திருப்பக்கூடாது. கோடு வெளியே நகர்ந்திருந்தால் அந்த மூட்டை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

இந்த பைப் மெலிசு, இதில் த்ரெட் வெட்ட முடியாது. மோட்டாரும் வால்வும் சேரும் இடத்தில் த்ரெட் உள்ள அடாப்டர் வரும். அங்கே டெஃப்லான் டேப் சுற்றி மெதுவாக இறுக்குங்கள். எஸ்.எஸ். த்ரெட்டும் எஸ்.எஸ். த்ரெட்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டால் கழற்றவே முடியாது.

பழைய ஜி.ஐ. பைப்பில் நேராக மாட்டாதீர்கள். இரண்டு உலோகமும் தண்ணீரில் சேர்ந்தால் ஜி.ஐ. தின்னப்பட்டுப் போகும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் யூனியன் போடுங்கள்.

கிளாம்பு

நான் தோற்ற இடம் இது, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கிளாம்பு, போல்ட், சுவரில் அடிக்கும் ஆங்கர், மூன்றும் 316-ஆக இருக்கட்டும், கிளாம்பின் உள்ளே ரப்பர் இருக்கட்டும். பைப் சுவரை ஒட்டாமல் ஒரு இஞ்ச் தள்ளி நிற்கவேண்டும், பின்பக்கம் உப்பைக் கழுவ விரல் போகணும். 28 மி.மீ. பைப்புக்கு 2 மீட்டருக்கு ஒரு கிளாம்பு போதும்.

வெயிலில் பைப் நீளும். 10 மீட்டர் லைன் 30 டிகிரி சூடேறினால் சுமார் 5 மி.மீ. ஆகவே ஒரே ஒரு கிளாம்பை இறுக்கமாகப் பிடிக்கவிட்டு, மற்றவற்றில் பைப் சறுக்க இடம் கொடுங்கள். எல்போ வளைவை ஒட்டி கிளாம்பு போடாதீர்கள், நீளும் பைப் திரும்ப அங்கே இடம் வேண்டும்.

சோதனையும் கழுவலும்

நல்ல தண்ணீரால் கீழிருந்து நிரப்பி, மேலே காற்றை வெளியேற்றுங்கள். முதலில் லேசான அழுத்தத்தில் பாருங்கள், அழுத்த மறந்த மூட்டு அப்போதே கசிந்து காட்டிக்கொடுக்கும். பிறகு லைனின் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, ஒரு மணிநேரம் முள் இறங்காமல் நிற்கிறதா பாருங்கள். உடனே குடிவரப் போவதில்லை என்றால் தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள்.

டைல்ஸ் வேலை நடக்கும்போது பைப்பை பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட்டின் புகை பட்டாலே போதும், கெடுத்துவிடும். பிளீச்சிங் பவுடரும் இரும்பு நாரும் பக்கத்தில் வரக்கூடாது.

மழை படும் பைப்பை மழையே கழுவிவிடும். சன்ஷேடுக்கு அடியில் போகும் பைப்தான் முதலில் கறைபிடிக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பகுதியைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கிளாம்பின் பின்பக்கத்துக்கு விரலைவிட்டுத் தடவிப் பாருங்கள். நறநறவென்றால் உப்பு இன்னும் இருக்கிறது, இன்னொரு குவளை ஊற்றுங்கள்.